பதினேழாவது பெல்ட்டும் ஒரு பாட்டுக்காரரும்

"ரெஸ்லிங்கா? அதெல்லாம் டூப்புடா, செட்டப்புடா" என்று சொல்லிவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது செட்டப் என்று எனக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே தெரியும். யார் ஜெயிக்க வேண்டும், எப்படி ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அது தெரிந்தே பார்க்கிறவன் நான். அப்படிப்பட்ட எனக்கே ஒரு நாள் வயிறு எரிந்தது. அது ஏன் எரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழம்மா முதலில் "ஏதாவது பயனுள்ள தலைப்பா எடுப்பா" என்றார். "அம்மா, இது கதையை எப்படிச் சொல்லக் கூடாதுங்கறதைப் பத்தின கட்டுரை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சந்திப்பிழை இல்லாம எழுது" என்று விட்டுவிட்டார். (இருந்தால் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள் அம்மா, ஒட்டியாகிவிட்டது!)

நான் சொல்லப் போகும் நிகழ்ச்சி ரெசில்மேனியா 41. 2025 ஏப்ரல் 19, 20 இரண்டு நாளும் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில், அலீஜியன்ட் மைதானத்தில் நடந்தது. டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் தீபாவளி இது. இரண்டு நாளும் சேர்த்து ஒரு லட்சத்து 24 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள் என்று கம்பெனியே அறிவித்தது. அதில் இரண்டாம் நாள் கடைசி மேட்ச், ஜான் சீனாவுக்கும் கோடி ரோட்ஸுக்கும். என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த ஒரு மேட்ச்தான்.

ஜான் சீனா யார் என்று ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (பசங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிவிட்டு ஓடுகிற ஆறாம் வகுப்புப் பொடியனைக் கேட்டால்கூடச் சொல்லுவான்.) 2002 ஜூனில் முதல் மேட்ச், கர்ட் ஆங்கிளிடம் தோல்வி. 2005 ஏப்ரலில் ரெசில்மேனியா 21இல் ஜே.பி.எல்.லை ஜெயித்து முதல் உலக சாம்பியன் பெல்ட். 2017 ஜனவரியில் ஏ.ஜே. ஸ்டைல்ஸை ஜெயித்து 16ஆவது பெல்ட். அதோடு ரிக் ஃபிளேரின் 16 என்ற ரெக்கார்டைத் தொட்டுவிட்டார். இதெல்லாம் எழுதி வைத்து ஜெயித்தது என்பீர்கள், சரி. எழுதி வைக்காத ஒன்றும் இருக்கிறது. உயிருக்குப் போராடும் நோய் வந்த குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக் எ விஷ் அமைப்பு மூலமாக 650 குழந்தைகளைச் சந்தித்திருக்கிறார். 2022இல் அது கின்னஸில் ஏறியது. அந்தப் பிள்ளைகள் கேட்டது பொம்மை இல்லை, டூர் இல்லை. "சீனாவைப் பார்க்கணும்" என்பதுதான்.

அவருடைய பனியனிலும் துண்டிலும் எழுதியிருப்பது "விட்டுக்கொடுக்காதே" என்பது. 2003 கடைசியில் நல்லவராக மாறியவர், அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கெட்டவராக மாறவே இல்லை. ரெஸ்லிங்கில் இது பெரிய அதிசயம். அங்கே நல்லவன் கெட்டவனாவதும் கெட்டவன் நல்லவனாவதும் மாசத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஹல்க் ஹோகனே 1996இல் மாறினார். சீனா மட்டும் மாறவில்லை. "ஒரே மாதிரி இருந்து போரடிக்கிறார், கெட்டவரா மாத்துங்க" என்று பெரிய ரசிகர்கள் மைதானத்திலேயே கத்துவார்கள். பாதிப் பேர் வாழ்க என்றும் பாதிப் பேர் ஒழிக என்றும் மாறி மாறிக் கத்துவதுதான் சீனா மேட்சின் பின்னணி இசை.

என் சித்தப்பா அந்தப் பெரிய ரசிகர்களில் ஒருவர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 2005இல் சீனா முதல் பெல்ட்டை ஜெயித்தபோது அவர் ஒன்பதாம் வகுப்பு. கேபிள் டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் கணக்குப் பரீட்சைக்குப் போனவர். (மார்க் எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.) ரப்பர் பேண்ட் போட்ட டிரம்ப் கார்டு கட்டை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். வேலை, கடை, குடும்பம் என்று ஆனபிறகு ரெஸ்லிங்கை விட்டுவிட்டார். "அவனும் மாற மாட்டான், கதையும் மாறாது. நீயே பாருடா" என்பார்.

2024 ஜூலை 6ஆம் தேதி கனடாவின் டொரன்டோ நகரத்தில் சீனா திடீரென்று வந்து, 2025தான் என் கடைசி வருஷம் என்று அறிவித்தார். சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். "ரிட்டயராகிற வயசா அவனுக்கு?" என்றார். 47 என்றேன். "அப்போ எனக்கு?" என்று ஒரு சிரிப்பு சிரித்தார்.

அடுத்து நடந்ததுதான் பெரிய விஷயம். 2025 மார்ச் 1, அதே டொரன்டோ. கூண்டுக்குள் ஆறு பேர் மோதும் எலிமினேஷன் சேம்பர் மேட்சில் சீனா ஜெயித்து, ரெசில்மேனியாவில் சாம்பியன் கோடி ரோட்ஸை எதிர்க்கும் வாய்ப்பைப் பெற்றார். அதற்கு ஒரு வாரம் முன்னால், கம்பெனி போர்டில் இருக்கும் தி ராக் கோடியிடம் "உன் ஆன்மாவை எனக்குக் கொடு, என் ஆளாயிடு" என்று கேட்டிருந்தார். பதில் சொல்லும் நாள் அன்றைக்குத்தான். கோடி முடியாது என்றார். (அவர் சொன்ன வார்த்தையைச் சுவரில் எழுத முடியாது.) சீனா வந்து கோடியைக் கட்டிப்பிடித்தார். கூட்டம் ஆனந்தமாகக் கத்துகிறது. கட்டிப்பிடித்தபடியே சீனா தோளுக்கு மேல் ராக்கைப் பார்த்தார். ராக் தன் கழுத்தை அறுப்பது போல ஒரு சைகை காட்டினார். அவ்வளவுதான். சீனா முகத்தில் இருந்த சிரிப்பு சுவிட்சை அணைத்த மாதிரி போய்விட்டது. கோடியை, பி.டி. சார் அடிக்கவே கூடாது என்று சொல்லும் இடத்தில் உதைத்தார். பெல்ட்டாலும் அடித்தார். ரத்தம்!

இருபது வருஷத்தில் முதல் தடவை. அந்த நிமிஷத்தை நான் பத்து தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். அடி பெரிசு இல்லை, அந்த முகம்தான். சித்தப்பாவுக்குப் போனில் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "ரெசில்மேனியா என்னிக்குடா?"

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று ராக்கோடு ஒரு பாட்டுக்காரரும் வந்திருந்தார். டிராவிஸ் ஸ்காட் என்று அமெரிக்காவில் பெரிய ராப் பாடகர். சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர், கீழே கிடந்த கோடியை ஒரு அறை அறைந்தார். சரி, பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி ஆட்டம் போட்டார் என்று விட்டுவிட்டோம். அந்த விருந்தாளிதான் கடைசியில் பந்தியையே கவிழ்க்கப் போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் மாதத்தில் ஐரோப்பா டூர். பிரஸ்ஸல்ஸில் சீனா மைக்கைப் பிடித்தார். இத்தனை வருஷமாக ரசிகர்கள் தன்னை எப்படி நடத்தினார்கள், தன்னிடம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், திருப்பி என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். கத்தாமல் நிதானமாகக் கேட்டார். எனக்கு உண்மையிலேயே சுருக்கென்றது, ஏனென்றால் "சீனா ஒழிக" என்று நானும் ஒரு காலத்தில் கத்தியிருக்கிறேன். 17ஆவது பெல்ட்டை ஜெயித்து, அதை இடுப்பில் கட்டிக்கொண்டே ரிட்டயர் ஆகிவிடுவேன் என்றும் மிரட்டினார். வில்லன் என்றால் இதுதான் வில்லன்! ஆனால் ராக்? ஆளையே காணோம். ஒரு வாரம் போச்சு, இரண்டு வாரம் போச்சு. ஆன்மாவைக் கேட்டவர் எங்கே? சீனா எதற்காக விற்றார், என்ன விலைக்கு விற்றார்? ஒருத்தரும் சொல்லவில்லை. "ரெசில்மேனியாவுக்கு வருவார்டா, அதுக்குத்தான் ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று நானே நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். அதற்கு எனக்கு ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ் நஷ்டம்.

கோடி பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. அவர் அப்பா டஸ்டி ரோட்ஸ் பெரிய ரெஸ்லர், ஆனால் இந்தக் கம்பெனியின் பெரிய பெல்ட்டை அவர் ஜெயித்ததே இல்லை. அப்பா தொடாததை மகன் தொட வேண்டும் என்பதுதான் கோடி கதை. 2024 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ரெசில்மேனியா 40இல், 1316 நாள் பெல்ட்டை வைத்திருந்த ரோமன் ரெயின்ஸை ஜெயித்துத் தொட்டுவிட்டார்.

இனி அந்தக் காலை. நம் ஊர்க் கணக்கில் ஏப்ரல் 21 திங்கட்கிழமை, விடிகாலை நாலரைக்கு ஆரம்பம். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு. சித்தப்பா நாலேகாலுக்கே லுங்கியோடு வந்துவிட்டார், கையில் பிளாஸ்க். நண்பர்கள் இரண்டு பேர். பாட்டி எங்களைப் பார்த்து "பரீட்சைக்கு இப்படி ஒருநாள் எழுந்திருச்சிருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், நிகழ்ச்சி முழுக்க மோசம் இல்லை. முதல் நாள் கடைசியில் சி.எம். பங்க், ரோமன், சேத் ராலின்ஸ் மூன்று பேர் மோதிய மேட்சில் பால் ஹேமன் என்ற குண்டு மேனேஜர் இரண்டு நண்பர்களையும் ஒரே ராத்திரியில் காலை வாரிவிட்டு மூன்றாவது ஆள் பக்கம் போனார். பிரமாதம்! இரண்டாம் நாள் முதல் மேட்ச், இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியாங்கா பெலேர் என்று மூன்று பெண்கள். என்னைக் கேட்டால் இரண்டு நாளிலும் அதுதான் நம்பர் ஒன். "ஆம்பளைங்க கத்துக்கணும்டா" என்று சித்தப்பா சொன்னார். அப்புறம் வந்ததில் சிலது சுமார், சிலது தூக்கம். ஒரு நண்பன் உண்மையிலேயே தூங்கிவிட்டான்.

எட்டு மணிக்குச் சீனா வந்தார். தூங்கினவனை உதைத்து எழுப்பினோம்.

முதல் பத்து நிமிஷம் மெதுவாகத்தான் போனது. நான் குறையாக நினைக்கவில்லை. கிழ வில்லன், வேகம் இல்லாதவன், தந்திரத்தால் ஜெயிக்கப் பார்க்கிறவன் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஆனால் பதினைந்து ஆச்சு, இருபது ஆச்சு, மெதுவாகவே போகிறது. வில்லனின் வேலை என்ன? நல்லவனை அடித்து அடித்து, "ஐயோ, இவன் எழுந்திருக்க மாட்டானா" என்று நம்மைத் தவிக்க வைப்பது. பிறகு நல்லவன் ஒரு கையை ஊன்றி எழுந்தால் நாமும் நாற்காலியை விட்டு எழுந்திருப்போம். ரெஸ்லிங்கின் சூட்சுமமே இவ்வளவுதான். இங்கே தவிப்பும் வரவில்லை, எழுச்சியும் வரவில்லை. மைதானத்திலேயே பாதிக் கூட்டம் வில்லனுக்குக் கை தட்டுகிறது. கடைசி வருஷம் ஆயிற்றே, யாருக்கு மனசு வரும் திட்ட? இதைக் கம்பெனிக்காரர்கள் முன்பே யோசித்திருக்க வேண்டாமா?

அப்புறம்தான் அது நடந்தது. பாட்டு ஒன்று அலறியது. நான் ராக் என்று நினைத்துக் கட்டிலிலிருந்து குதித்தே விட்டேன். பார்த்தால், டிராவிஸ் ஸ்காட்! ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல், கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நடந்து வருகிறார். அவர் வந்து சேர்கிற வரைக்கும் மேட்ச் காத்துக்கொண்டு நின்றது. கோடி சீனாவை அமுக்கி நடுவர் எண்ண வேண்டிய நேரத்தில், இவர் நடுவரைக் கெடுத்தார். கோடி இவரையும் ஒரு போடு போட்டார். அதற்குப் பிறகு கோடி கையில் பெல்ட் கிடைத்தது. அதால் அடித்தால் ஜெயிக்கலாம். கோடி யோசிக்கிறார்..... அடிக்கவில்லை. அந்தத் தயக்கத்தில் சீனா மறுபடியும் அதே அடிக்கக் கூடாத அடி, அதே பெல்ட்டால் மண்டையில் ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று. 17ஆவது பெல்ட். உலக ரெக்கார்டு. நிகழ்ச்சி முடிந்தது.

கடைசி வரை ராக் வரவே இல்லை.

சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடை திறக்க நேரமாகிவிட்டதென்று சட்டையை மாட்டி, ஷட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றவர். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இருபது வருஷம் கழித்து நான்தானே வாங்க வாங்க என்று கூப்பிட்டேன்? "ராக் ஒருவேளை அடுத்த வாரம்....." என்று இழுத்தேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். "யாருடா அந்தப் பாட்டுக்காரன்?" என்று மட்டும் கேட்டார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

அன்று மத்தியானம் கிரிக்கெட் ஆடப் போன இடத்தில் ஒருத்தன் கேட்டான். "உன் ஆளுதான் ஜெயிச்சுட்டான், 17 ஆச்சு, அப்புறம் ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" இன்னொருத்தன், "எப்படியும் டூப்புதானே, டூப்புல எது நடந்தா என்ன?" என்றான். அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி படுத்திருக்கும்போது வந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கடைசி நாள் படுகளம். மண்ணில் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். துரியோதனன் வேஷம் கட்டியவரை நான் அன்று காலையில்தான் டீக்கடையில் பார்த்திருப்பேன், பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். சாகப் போவது யார் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பாட்டிமார் அவரைப் பார்த்து, "பாவி, நீ நல்லா இருப்பியா" என்று நிஜமாகத் திட்டுவார்கள். பீமன் தொடையில் அடித்து, பாஞ்சாலி கூந்தலை முடியும்போது அழாத ஆள் கிடையாது. டூப்பு என்று தெரியாமலா அழுகிறார்கள்? தெரிந்துதான். சபையில் செய்த சபதம், அதற்கு இத்தனை வருஷம் கழித்து இந்த முடிவு. அந்தக் கணக்கு நேராக இருப்பதால் அழுகிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பதினெட்டாம் நாள் போர். பீமன் கதையை ஓங்குகிறான். அந்த நேரம் பார்த்து மைக் செட்டில் சினிமாப் பாட்டு. டவுனிலிருந்து ஒரு பாடகர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்து பீமன் கையைப் பிடித்துக்கொள்கிறார். துரியோதனன் ஜெயிக்கிறான். சகுனியைக் கேட்டால், அவர் இன்றைக்கு லீவு! பாட்டி என்ன செய்வார்? துடைப்பத்தைத் துரியோதனன் மேல் போட மாட்டார், வாத்தியார் மேல்தான் போடுவார்.

என் வருத்தமும் அதுதான். சீனா கெட்டவரானது இல்லை, கெட்டவர் ஜெயித்ததும் இல்லை. கெட்டவர் ஜெயிக்கிற கதையில் பிரமாதமானது எவ்வளவோ இருக்கிறது. 2014இல் அண்டர்டேக்கரின் 21 ரெசில்மேனியா வெற்றிக்கு பிராக் லெஸ்னர் முற்றுப்புள்ளி வைத்தபோது, மைதானத்தில் வாயைப் பிளந்து நின்றவர்களின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. அது வலி. இது வலிகூட இல்லை. ராக்கிடம் ஆரம்பித்த கதையை டிராவிஸ் ஸ்காட்டிடம் முடித்தார்கள். சீனாவை வாங்கினவர் இல்லாமலே விற்பனை முடிந்துவிட்டது.

"குறுக்கே ஆள் வர்றது ரெஸ்லிங்ல சகஜம்டா" என்று சொல்வீர்கள். ஆமாம், சகஜம். ஒரு வருஷம் முன்னால் ரெசில்மேனியா 40இல் கோடி ஜெயித்த மேட்சில் சந்தைக் கூட்டம் மாதிரி ஆட்கள் குறுக்கே வந்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழைய பாக்கி இருந்தது. ஜிம்மி ரோமனுக்கு உதவ வந்தால், அண்ணன் தம்பிப் பகைக்காக ஜே வந்து தடுத்தார். சோலோ வந்தால், அவரிடம் முந்தின நவம்பரில் தோற்ற சீனா வந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, சேத் ராலின்ஸ் பழைய ஷீல்டு உடையில் வந்தார். 2014இல் இதே ராலின்ஸ்தான் நண்பன் ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்துத் துரோகம் செய்தவர். பத்து வருஷம் கழித்து ரோமன் கையில் இப்போது நாற்காலி. ஒரு பக்கம் கோடி, ஒரு பக்கம் ராலின்ஸ். கோடியை அடித்தால் பெல்ட் மிஞ்சும். ரோமன் ராலின்ஸை அடித்தார்! பழைய கோபம் கண்ணை மறைத்தது, பெல்ட் போச்சு. இதை எழுதியவன் நிச்சயம் மகாபாரதம் படித்திருப்பான். (அண்டர்டேக்கர் ஏன் வந்தார் என்று கேட்காதீர்கள். அண்டர்டேக்கருக்குக் காரணம் தேவையில்லை.)

இதே கம்பெனி, இதே ஆட்கள், 2024இல் அவ்வளவு அழகாகச் செய்தார்கள். செய்யத் தெரியாதவன் சொதப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். தெரிந்தவன் சொதப்பினால்தான் கோபம் வருகிறது. இன்னொரு கோபமும் உண்டு. கோடி பெல்ட்டால் அடிக்காமல் தயங்கினாரே, அது நல்ல இடம். இரண்டு பேர் மட்டும் இருந்து, அந்தத் தயக்கத்தில் மேட்ச் முடிந்திருந்தால், நல்லவன் நல்லவனாக இருந்ததாலேயே தோற்றான், ஒரு காலத்தில் அவனைவிட நல்லவனாக இருந்த ஒருவன் அதைப் பயன்படுத்திக்கொண்டான் என்று ஒரு கதை கிடைத்திருக்கும். கையில் இருந்தது. பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப் போச்சு.

17 என்ற எண்ணும் எனக்கு இனிக்கவில்லை. எட்டு வருஷமாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் 16 என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தவன் நான். அன்றைக்கு 17 என்று எழுதினேன். சும்மா எழுதினேன், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 3, நியூ ஜெர்சியில் சம்மர்ஸ்லாம். அதே இரண்டு பேர். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சீனா மறுபடியும் நல்லவராகத் திரும்பினார். (ஏன் மாறினார், ஏன் திரும்பினார் என்று கேட்டால்..... விடுங்கள்.) அந்த மேட்ச் பட்டாசு! கோடி ஜெயித்தார், பெல்ட் திரும்பிப் போனது. சீனா தோற்றதைப் பார்த்து நான் கை தட்டினேன். லாஸ் வேகாஸில் இதில் பாதி நடந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

டிசம்பர் 13, வாஷிங்டன், கடைசி மேட்ச். எதிரி குந்தர் என்ற ஆஸ்திரியாக்காரர். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை, ஒரு தடவை கூப்பிட்டுப் பட்டது போதும் என்று இருந்துவிட்டேன். ஆறேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். பிளாஸ்க்கோடு நிற்கிறார்.

குந்தர் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்துப் பிடித்தார். சீனா எழுந்தார், உதறினார், மறுபடியும் பிடி, மறுபடியும் எழுந்தார். கடைசியில் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு. கையால் தட்டிவிட்டார். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். "விட்டுக்கொடுக்காதே" என்று பல வருஷம் பனியனில் போட்டிருந்த மனுஷன், கடைசி நாளில் விட்டுக்கொடுத்தார். மைதானமே கோபத்தில் கத்தியது. நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சித்தப்பா மூக்கைச் சீந்தினார், "பனி" என்றார். ஏப்ரலில் ஜெயித்தபோது வராத அழுகை இப்போது தோற்கும்போது வந்தது. ஏனென்றால் அந்த ரிங்கில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

டிவியை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிளாஸ்க்கில் மீதி டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

"அடுத்த ரெசில்மேனியா என்னிக்குடா?" என்றார்.

"2026 ஏப்ரல் 18, 19. பப்ளிக் பரீட்சை எல்லாம் முடிஞ்சிருக்கும், சித்தப்பா."

"எங்க?"

"மறுபடியும் லாஸ் வேகாஸ்தான். அதே மைதானம்."

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பாட்டுக்காரனை கேட்டுக்கு வெளியவே நிறுத்தச் சொல்லு" என்றார்.

— ஒரு சீனா ரசிகன், பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு